வேட்டைக்காரன் இரையான இரவு

உல்லாசக் கப்பல் ஒன்றில் சில நண்பர்கள் மதுக்கிண்ணங்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன், ரெயின்ஸ்ஃபோர்ட், பேர்பெற்ற வேட்டைக்காரன். காடு காடாகச் சுற்றிவிட்டு வந்து அதைப் பற்றிப் புத்தகங்களும் எழுதியவன். கப்பலின் தலைவருக்கோ மனம் சரியில்லை, ஏனென்றால் வழிகாட்டும் விளக்குகள் வரைபடத்தில் குறித்திருக்கும் இடத்தில் இல்லை. பேச்சு வேட்டையின் பக்கம் திரும்புகிறது. பசிக்காகக் கொல்லும் விலங்கைக் கொடிய விலங்கு என்கிறோம், பொழுதுபோக்குக்காகக் கொல்லும் மனிதனை நாகரிகமானவன் என்கிறோம், இது எனக்குப் பொருந்தவில்லையே என்கிறார் கூட வந்திருக்கும் மருத்துவர். நீ வேட்டையாடும் புலியின் இடத்தில் நீயே இருந்திருந்தால் இந்த விளையாட்டு இவ்வளவு சுவையாக இருந்திருக்குமா என்றும் கேட்கிறார். ரெயின்ஸ்ஃபோர்ட் சிரிக்கிறான். உலகத்தில் இரண்டே வகை உயிர்கள்தான், வேட்டையாடுபவை ஒன்று, வேட்டையாடப்படுபவை மற்றொன்று. நல்லவேளையாக நான் முதல் வகை, அதை எதுவும் மாற்றிவிட முடியாது என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கப்பல் பாறையில் மோதுகிறது.

1932-இல் வெளிவந்த 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' இப்படித்தான் தொடங்குகிறது. மொத்தம் 63 நிமிடங்கள் ஓடும் படம். மனிதனை மனிதன் விளையாட்டுக்காக வேட்டையாடும் கதைகள் திரையில் எத்தனையோ வந்துவிட்டன. அவை அனைத்துக்கும் மூலம் இதுவே என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் மூலம் என்பதற்காக மட்டும் நான் இதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில்லை. பின்னால் வந்தவர்கள் இந்தப் படத்திலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். அந்த ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

முதன்முதலில் இதைப் பார்த்தது கல்லூரி விடுதியில், நண்பன் ஒருவன் எங்கிருந்தோ இறக்கிக் கொண்டுவந்த தேய்ந்துபோன பிரதியில். இந்தப் படத்தின் காப்புரிமை அமெரிக்காவில் புதுப்பிக்கப்படாமல் விடப்பட்டதால் இது பொதுவுடைமையாகி, நல்லதும் கெட்டதுமாகப் பல பிரதிகள் உலவுகின்றன. எங்களுக்குக் கிடைத்தது மிகவும் கெட்டது. சதுப்பு நிலத்துப் பனிமூட்டம் திரையில் வெறும் வெள்ளைக் கறையாகத் தெரிந்தது. இரைச்சலுக்கு நடுவே வசனங்கள் பாதிதான் காதில் விழுந்தன. அப்படியிருந்தும் நாங்கள் வாய்பிளந்து பார்த்தோம், வில்லனுக்காக. தனித்தீவில் பழைய கோட்டை ஒன்றில் வாழும் ரஷ்யப் பிரபு ஸாரோஃப், நெற்றித் தழும்பை விரல்களால் நீவிவிட்டுக்கொண்டே விருந்தாளியிடம் இனிக்க இனிக்கப் பேசுவதை அடுத்த ஒரு வாரம் விடுதி முழுக்க நடித்துக் காட்டிக்கொண்டிருந்தோம். கதாநாயகன் யார், அவன் என்ன சொன்னான் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது.

ஸாரோஃபாக நடித்த லெஸ்லி பேங்க்ஸ் ஆங்கிலேய நாடக நடிகர். முதல் உலகப் போரில் பட்ட காயத்தால் அவர் முகத்தின் ஒரு பாதி செயலிழந்திருந்தது. ஒளிப்பதிவாளர் ஹென்றி ஜெரார்ட் அந்த முகத்தை ஒளித்துவைக்கவில்லை. ஒரு பக்கமிருந்து பார்த்தால் நன்கு படித்த, பியானோ வாசிக்கத் தெரிந்த கனவான். அவர் தலையைச் சற்றே திருப்பினால் அசையாத மற்றொரு பாதி நம்மை நேராகப் பார்க்கிறது. ஒப்பனையாலோ நடிப்பாலோ எட்ட முடியாத ஒன்று அந்தத் திருப்பத்தில் இருக்கிறது. போர் ஒருவருடைய உடம்பில் உண்மையாகவே விட்டுச்சென்ற தடத்தைத்தான் நாம் பார்த்துப் பயப்படுகிறோம் என்பது தெரிந்த பிறகு, அவரை நடித்துக் காட்டிச் சிரித்த அந்த நாட்களை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

படம் உருவான விதமே ஒரு தனிக் கதை. ஆர்.கே.ஓ. என்ற ஹாலிவுட் பட நிறுவனத்தில் மெரியன் கூப்பரும் எர்னஸ்ட் ஷோட்சாக்கும் 'கிங் காங்' படத்துக்காகப் பெரும் செலவில் ஒரு காட்டையே அரங்காக எழுப்பியிருந்தார்கள். அந்தக் காட்டிலேயே இந்தப் படத்தையும் எடுத்துவிடலாம் என்று முடிவானது. ஷோட்சாக்கும் இர்விங் பிஷெலும் இயக்கினார்கள். ஃபே ரே, ராபர்ட் ஆம்ஸ்ட்ராங், நோபிள் ஜான்சன், ஸ்டீவ் கிளமென்டி என்று நடிகர்களும் இரண்டுக்கும் பொது. திரைக்கதை எழுதிய ஜேம்ஸ் கிரீல்மன், இசையமைத்த மாக்ஸ் ஸ்டைனர் ஆகியோரும் அப்படியே. 'கிங் காங்'கில் பொன்னிற டோப்பாவோடு வரும் ஃபே ரே இங்கே தன் சொந்தக் கருங்கூந்தலோடு அதே மரங்களுக்கிடையே ஓடுகிறார். பள்ளத்தின் குறுக்கே விழுந்து கிடக்கும் ஒரு பெருமரத்தின் மேல் நாயகனும் நாயகியும் நடந்து கடக்கிறார்களே, அதே மரத்தைத்தான் 1933-இல் வெளிவந்த 'கிங் காங்'கில் அந்தப் பெருங்குரங்கு உலுக்கி மாலுமிகளைப் பள்ளத்தில் கொட்டுகிறது. ஒரே காட்டில், ஒரே மரத்தடியில், ஒரு படத்தில் மனிதர்கள் விலங்கைத் துரத்தினார்கள், மற்றொன்றில் மனிதன் மனிதர்களைத் துரத்தினான்.

இதை எடுத்தவர்கள் காட்டைச் சித்திரத்தில் மட்டும் கண்டவர்கள் அல்லர். கூப்பரும் ஷோட்சாக்கும் இன்றைய தாய்லாந்தான சயாம் நாட்டுக் காட்டுக்குள் போய் உண்மையான புலிகளையும் யானைகளையும் வைத்து 1927-இல் 'சாங்' என்ற படத்தை எடுத்தவர்கள். கூப்பருடைய வாழ்க்கையில் இன்னொன்றும் உண்டு. முதல் உலகப் போருக்குப் பிறகு அவர் போலந்துக்காகப் போர்விமானம் ஓட்டி, 1920-இல் சோவியத் படையிடம் பிடிபட்டு, சிறை முகாமிலிருந்து தப்பி வந்தவர். துரத்துவது எப்படியிருக்கும், துரத்தப்படுவது எப்படியிருக்கும் என்ற இரண்டும் தெரிந்த ஒருவர் தயாரித்த படம் இது என்பதை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நோபிள் ஜான்சனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. ஸாரோஃபின் வாய்பேச முடியாத வேலையாள், ரஷ்யக் குதிரைவீரர் மரபில் வந்த கொசாக் இவானாக வருபவர் அவர். கறுப்பின அமெரிக்கரான அவர் இதில் வெள்ளை ஒப்பனை பூசிக்கொண்டு நடித்திருக்கிறார். கறுப்பினத்தவரே தங்கள் கதைகளைப் படமெடுக்க வேண்டும் என்று 1916-இல் தொடங்கப்பட்ட லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவர். அப்படிப்பட்டவருக்கு ஹாலிவுட் கொடுத்தது பேச்சே இல்லாத ஒரு வேடம்.

கதைக்கு வருகிறேன். கப்பல் உடைந்து, கூட இருந்தவர்களைச் சுறாக்களுக்குப் பறிகொடுத்து, ரெயின்ஸ்ஃபோர்ட் ஒருவன் மட்டும் நீந்திக் கரையேறுகிறான். கோட்டைக் கதவில் தட்டுவதற்கென்று பொருத்திய இரும்பு உருவம், மார்பில் அம்பு தைத்த நிலையில், மயங்கிய பெண்ணொருத்தியைக் கைகளில் ஏந்தி நிற்கும் பாதி மனிதன் பாதி குதிரை. படத்தின் பெயர்கள் ஓடும்போதே ஒரு கை அதைப் பிடித்துத் தட்டுகிறது. இனி வரப்போகும் அனைத்தும் அந்த ஓர் உருவத்திலேயே அடங்கியிருக்கிறது. உள்ளே முன்பே கரை ஒதுங்கிய ஈவ் என்ற பெண்ணும், குடித்துக் குழறும் அவள் அண்ணன் மார்ட்டினும் விருந்தாளிகளாக இருக்கிறார்கள். ஸாரோஃப் ரெயின்ஸ்ஃபோர்ட்டின் பெயரைக் கேட்டதும் மலர்ந்துபோகிறான், ஏனென்றால் ரெயின்ஸ்ஃபோர்ட்டின் புத்தகங்களை அவன் படித்திருக்கிறான்.

அடுத்து வரும் உரையாடல்தான் படத்தின் முதல் பாதியைத் தாங்குகிறது. கிரிமியாவில் பெருநிலக்கிழாரின் மகனாகப் பிறந்து, சிறுவயதிலேயே துப்பாக்கியைக் கையில் வாங்கி, புரட்சிக்குப் பின் செல்வத்தோடு நாட்டைவிட்டு வெளியேறி, உலகத்தின் எல்லா விலங்குகளையும் சுட்டுத் தீர்த்தவன் ஸாரோஃப். ஓர் இரவு கூடாரத்தில் படுத்திருக்கும்போது, வேட்டை தனக்கு அலுத்துவிட்டது என்ற எண்ணம் பாம்பைப்போல அவன் மூளைக்குள் ஊர்ந்து வந்திருக்கிறது. ஆயுதத்தை மாற்றிப் பார்த்தான், வில்லும் அம்பும் எடுத்தான். அப்போதும் அலுப்பு தீரவில்லை. தனக்குத் தேவை புதிய ஆயுதமல்ல, புதிய விலங்கு என்று கண்டுகொண்டானாம். விளக்குகளை இடம் மாற்றிவைத்துக் கப்பல்களைப் பாறையில் ஏற்றி, தப்பிக் கரையேறுபவர்களை நன்றாக உண்ணவும் உறங்கவும் வைத்து, பிறகு காட்டில் அவிழ்த்துவிடுகிறான்.

நான் சிறுவனாக இருந்தபோது மலையூர் ஒன்றில் பழைய விருந்தினர் மாளிகையில் இரண்டு நாள் தங்கினோம். சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே, பாடம் செய்த காட்டெருமைத் தலையொன்று சுவரில் மாட்டியிருந்தது. ஒரு கண்ணாடிக் கண் சற்றே நழுவி உள்ளே இறங்கியிருந்ததால், எங்கே உட்கார்ந்தாலும் அது ஒரு கண்ணால் என்னையும் மற்றொரு கண்ணால் வேறெதையோ பார்த்தது. மூக்கோரத்தில் தோல் வெடித்து, உள்ளே திணித்திருந்த நார் எட்டிப்பார்த்தது. என் பெரியப்பா அதைக் காட்டி, யாரோ ஒரு துரை எத்தனை அடி தூரத்திலிருந்து ஒரே குண்டில் வீழ்த்தினாராம் என்று பெருமையாகச் சொன்னார். அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸாரோஃபின் கோட்டையில் பூட்டிவைத்த வேட்டைப்பொருள் அறை திறக்கும்போது, சுவரில் மனிதத் தலையைக் கண்டு நான் அதிர்ந்ததைவிட, அதே மாதிரி மரப்பலகை, அதே மாதிரி ஒழுங்கு, அதே பெருமை என்று அடையாளம் கண்டதுதான் என்னை அதிகம் உலுக்கியது. ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் 1934-இல் இறுகுவதற்கு முன் வந்த படம் என்பதால்தான் அந்த அறையை இந்த அளவுக்காவது காட்ட முடிந்தது.

ஸாரோஃப் ரெயின்ஸ்ஃபோர்ட்டை முதலில் இரையாகப் பார்க்கவில்லை. தன்னைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே மனிதனாக, கூட்டாளியாகப் பார்க்கிறான். சேர்ந்து வேட்டையாட அழைக்கிறான். ரெயின்ஸ்ஃபோர்ட் அருவருத்து மறுக்கும்போது அவன் முகத்தில் தெரிவது கோபத்தைவிட ஏமாற்றம். உன் புத்தகங்களை எழுதியவன் நீதானே, இதில் உனக்கு என்ன தடை என்ற கேள்வி அந்த முகத்தில் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு ரெயின்ஸ்ஃபோர்ட்டிடம் நல்ல பதில் ஒன்றும் இல்லை. மனிதனைக் கொல்வது கொலை என்று அவனால் சொல்ல முடிகிறது. விலங்கைக் கொன்றது என்ன என்று அவன் இதுவரை யோசித்ததே இல்லை.

எழுதப்பட்ட காலத்தை நினைத்துப் பார்த்தால்தான் இந்தக் கேள்வியின் கூர்மை தெரியும். இந்தப் படத்துக்கு அடிப்படையான சிறுகதையை ரிச்சர்ட் கானெல் 1924-இல் 'காலியர்ஸ்' இதழில் எழுதினார். பெருவேட்டை பெருமைக்குரிய செயலாக இருந்த காலம் அது. அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து இறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்குப் போய், தானும் மகனுமாக 512 விலங்குகளைச் சுட்டதைப் புத்தகத்தில் பட்டியலிட்டார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1911 டிசம்பரில் நேபாளக் காடுகளில் பத்து நாள் நடத்திய வேட்டையில் 39 புலிகள் வீழ்ந்தன. இவற்றையெல்லாம் செய்தித்தாளில் வியந்து படித்த வாசகனுக்குத்தான் கானெல் இந்தக் கதையைக் கொடுத்தார். முதல் உலகப் போரில் படைவீரராக இருந்தவர் அவர். மனிதர்களைத் துப்பாக்கி முனையில் துரத்துவது எப்படியிருக்கும் என்று யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர் இல்லை.

தலைப்பிலேயே ஒரு சொல்விளையாட்டு உண்டு. ஆங்கிலத்தில் 'கேம்' என்றால் விளையாட்டு, வேட்டை விலங்கும் அதுவே. இதைத் தமிழில் ஒரே சொல்லில் கொண்டுவர முடியாது என்று வெகுநாள் குறைப்பட்டிருக்கிறேன். ஆனால் நம் மொழியில் வேறொன்று இருக்கிறது. வேட்டையும் வேட்கையும் காதுக்கு அக்காள் தங்கை. பழந்தமிழில் 'வேட்டம்' என்ற ஒரே சொல் விருப்பத்தையும் குறிக்கும், வேட்டையாடுதலையும் குறிக்கும். ஸாரோஃபின் தத்துவமும் இதுவே. முதலில் கொல்ல வேண்டும், பிறகுதான் காதல். கொன்றவனுக்குத்தான் இன்பத்தின் முழுமை தெரியும் என்று அவன் ஈவைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான். பெண்ணை வேட்டையாட மாட்டானாம், அவள் பரிசாம். கானெலின் கதையில் பெண்ணே கிடையாது; ஈவைச் சேர்த்தது படத்தார் செய்த மாற்றம். வழக்கமாக இப்படிக் கதாநாயகியை ஒட்டவைப்பது எனக்குப் பிடிக்காது. இங்கே அந்தச் சேர்க்கையால்தான் ஸாரோஃபின் வேட்டைக்குள் ஒளிந்திருக்கும் வேட்கை வெளியே வருகிறது. பரிசாகக் காத்திருக்க மறுத்து ரெயின்ஸ்ஃபோர்ட்டோடு காட்டுக்குள் போகிறேன் என்று அவளே முடிவெடுப்பதும் எனக்குப் பிடித்தது.

விடியும்வரை உயிரோடிருந்தால் விடுதலை என்பது பந்தயம். ஸாரோஃப் இதைத் திறந்தவெளிச் சதுரங்கம் என்கிறான். ரெயின்ஸ்ஃபோர்ட் பெருமரக்கட்டை ஒன்றைப் பொறியாகத் தூக்கி நிறுத்துகிறான், அடுத்து இலை பரப்பிய குழி தோண்டுகிறான். எல்லாம் அவன் விலங்குகளுக்கு வைத்துப் பழகிய பொறிகள். ஸாரோஃப் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துவிடுகிறான், ஏனென்றால் அவனும் அதே பாடத்தைப் படித்தவன். கடைசியில் வில்லை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுக்கிறான், வேட்டைநாய்களை அவிழ்த்துவிடுகிறான். பிரிட்டனில் இந்தப் படம் 'ஸாரோஃபின் வேட்டைநாய்கள்' என்ற பெயரிலேயே வெளிவந்தது.

அந்தத் துரத்தலை இன்று பார்த்தாலும் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிடுகிறேன். கேமரா ஓடுகிறவர்களோடு தானும் ஓடுகிறது. இலைகளும் கிளைகளும் நம் முகத்திலேயே அறைவதுபோல் விலகிப் பாய்கின்றன. பனிமூட்டத்துச் சதுப்பில் நாய்கள் முதலில் குரைப்பாக மட்டும் இருக்கின்றன, பிறகு நிழல், பிறகு பல். ஸாரோஃப் முன்னிரவில் பியானோவில் தானே வாசித்த மெட்டை மாக்ஸ் ஸ்டைனர் எடுத்து முறுக்கி, வேகமேற்றி, துரத்தலின் இசையாக மாற்றிவிடுகிறார்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு நல்ல பிரதி ஒன்றில், காதில் ஹெட்ஃபோனோடு தனியாக இந்தக் காட்சியைப் பார்த்தபோதுதான் அந்த வரி எனக்குக் கேட்டது. நாய்கள் நெருங்கிக்கொண்டிருக்கின்றன. மூச்சிரைக்க நிற்கும் ரெயின்ஸ்ஃபோர்ட் ஈவிடம் சொல்கிறான்: நான் மூலையில் மடக்கிய அந்த விலங்குகளுக்கெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அவ்வளவுதான். படம் அதற்காக நிற்கவில்லை. ரெயின்ஸ்ஃபோர்டாக நடித்த ஜோயல் மெக்ரே அதைப் பெரிதாக நடிக்கவும் இல்லை. கப்பலில் மருத்துவர் கேட்ட கேள்விக்கு அவன் கொடுத்த பதில் அது. கேட்ட மருத்துவர் அதற்குள் கடலில் இறந்துபோயிருக்கிறார். நான் படத்தை நிறுத்தி, பின்னால் தள்ளி, மூன்று முறை கேட்டேன். விடுதியில் பார்த்தபோது இரைச்சலில் தொலைந்துபோனது இந்த வரிதான்.

பின்னால் வந்தவர்கள் விட்டுவிட்டார்கள் என்று நான் சொன்னதும் இதையே. 1945-இல் அதே ஆர்.கே.ஓ.வுக்காக ராபர்ட் வைஸ் இதை மறுபடி எடுத்தபோது வில்லன் ஜெர்மானியனானான். 1956-இல் வந்த 'ரன் ஃபார் தி சன்' படத்திலும் துரத்துபவர்கள் நாஜிகள். 1982-இல் ஆஸ்திரேலியாவில் எடுத்த 'டர்க்கி ஷூட்'டில் இரையாவது முகாம் கைதிகள். 1993-இன் 'ஹார்ட் டார்கெட்'டில் நியூ ஆர்லியன்ஸின் வீடற்ற மனிதர்கள். பணம் படைத்தவன் ஏழையை வேட்டையாடுகிறான் என்ற கோபம் நியாயமான கோபம்; அந்தப் படங்கள் சிலவற்றை நான் விரும்பியும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவற்றில் இரையாகும் மனிதன் குற்றமற்றவன். அவனோடு சேர்ந்து ஓடும் நாமும் குற்றமற்றவர்களாகவே ஓடி, குற்றமற்றவர்களாகவே வீடு திரும்புகிறோம். ஆச்சரியமாக, 1987-இல் வந்த 'பிரிடேட்டர்' மூலத்துக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கிறது. வேற்றுக்கிரகத்து வேட்டைக்காரன் அங்கே தேர்ந்தெடுப்பது ஆயுதமேந்திக் கொல்வதையே தொழிலாகக் கொண்டவர்களை.

படத்திலிருந்து ஸாரோஃபின் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நிஜ வாழ்க்கையிலேயே ஒரு கொடிய சான்று இருக்கிறது. 1969-இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் மக்களைக் கொன்று, தன்னை 'ஸோடியாக்' என்று அழைத்துக்கொண்ட கொலைகாரன் மூன்று நாளிதழ்களுக்குச் சங்கேத எழுத்தில் செய்தி அனுப்பினான். ஒரு பள்ளி ஆசிரியரும் அவர் மனைவியும் அதை விடுவித்தபோது, எல்லா விலங்குகளிலும் மனிதனே மிக ஆபத்தான விலங்கு, ஆகவே அவனைக் கொல்வதுதான் காட்டு விலங்கைக் கொல்வதைவிட இன்பம் என்ற பொருளில் எழுதியிருந்தது தெரியவந்தது. அந்த வாசகத்தில் இந்தக் கதையின் சாயலைப் பலரும் கண்டார்கள். ஸாரோஃபின் நாக்கு இனிப்பானது. நாங்கள் விடுதியில் அவனை நடித்துக் காட்டியதும் அதனால்தான். அந்த நாக்குக்குப் பதிலாகப் படம் வைத்திருப்பது, ஓடி ஓடிக் களைத்த ஒருவன் சொல்லும் அந்த ஒற்றை வரியை மட்டுமே.

படத்தின் முடிவில் ரெயின்ஸ்ஃபோர்ட் நாயோடு சேர்ந்து அருவிக்குள் விழுகிறான், குண்டு பட்டது நாயின் மேல். அவன் இறந்துவிட்டான் என்று நம்பி ஸாரோஃப் பியானோவின் முன் உட்கார்ந்திருக்கும்போது ரெயின்ஸ்ஃபோர்ட் திரும்பி வருகிறான். சண்டை நடக்கிறது. படுகாயமுற்ற ஸாரோஃப், படகில் தப்பும் இருவரையும் நோக்கிச் சன்னலிலிருந்து வில்லை வளைக்க முயன்று, பிடி தளர்ந்து, தன் நாய்களுக்கிடையே விழுகிறான். திரையரங்கில் கைதட்டல் விழும் முடிவு இது, குறைசொல்ல ஒன்றுமில்லை.

கானெலின் கதையோ வேறு விதமாக முடிகிறது. அங்கே படகும் இல்லை, பெண்ணும் இல்லை. கடலில் குதித்துத் தப்பிய ரெயின்ஸ்ஃபோர்ட் இரவில் ஸாரோஃபின் படுக்கையறைத் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்து வெளியே வருகிறான். வென்றுவிட்டாய் என்று ஸாரோஃப் பாராட்டும்போது, நான் இன்னும் துரத்தப்படும் விலங்குதான், தயாராகிக்கொள் என்கிறான். சண்டையைக் கானெல் எழுதவே இல்லை. அடுத்த வரி கடைசி வரி. இதைவிடச் சுகமான படுக்கையில் தான் உறங்கியதே இல்லை என்று ரெயின்ஸ்ஃபோர்ட் முடிவு செய்துகொள்கிறான். அவன் படுத்திருப்பது ஸாரோஃபின் கட்டிலில்.